மலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வீடு விற்கும் விளம்பரம் எதை எடுத்தாலும் "நல்ல பள்ளிகளுக்கு அருகில்" என்ற வரி இல்லாமல் இருக்காது. எந்தப் பள்ளி, எவ்வளவு அருகில், அருகில் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை விளம்பரம் சொல்லாது. ஏஜெண்டும் சொல்ல மாட்டார். வாங்குகிறவர்தான் பாதித் தொகைக்கு வீடு, மீதித் தொகைக்குப் பள்ளிக்கூடம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார். நானும் அப்படித்தான் போட்டேன். நகரின் மேற்கே ஒரு புறநகரில், பள்ளி மணி காதில் விழும் தூரத்தில், சக்திக்கு மீறிக் கடன் எடுத்து வீடு வாங்கினோம். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று பள்ளி அலுவலகத்தில் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். பள்ளியின் எல்லைக்கோடு எங்கள் தெருவின் நடுவே ஓடியது. எதிர்வரிசை வீடுகள் உள்ளே. எங்கள் வரிசை வெளியே.

கோபம் ஆறியபின் சட்டத்தை எடுத்துப் படித்தேன். வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் படித்திருக்க வேண்டியது அது.

தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளை ஆள்வது 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம். அதையொட்டி 1998இல் வந்த சேர்க்கைக் கொள்கைதான் "ஃபீடர் ஸோன்" என்று எல்லோரும் சொல்லும் சேர்க்கை எல்லையைப் பற்றிப் பேசுகிறது. மாகாணக் கல்வித் துறையின் தலைவர் இந்த எல்லையை வகுக்கலாம். வகுத்தால், எல்லைக்குள் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு முதலிடம். எல்லைக்குள் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அடுத்து வருகிறார்கள். மற்றவர்களுக்கு முந்தி வந்தவர் முந்தி என்ற கணக்கு. முதல் வரியிலேயே ஓர் அழகான நுட்பம் உண்டு: சொந்த இருப்பிடம் மட்டுமல்ல, முதலாளி கொடுத்த இருப்பிடமும் கணக்கில் வரும். பெரிய வீட்டின் பின்கட்டில் தங்கி வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைக்கும், அந்த வீட்டுக்காரர் பிள்ளைக்கும் வரிசையில் ஒரே இடம். இந்த நாட்டின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் கனம் புரியும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கொள்கை கேட்பது நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்களா என்றுதான். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவில்லை. வாடகைக்கு இருந்தாலும் குடியிருப்பு குடியிருப்புதான். இரண்டாவது, சட்டம் கொடுப்பது முன்னுரிமை. இடத்துக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. 120 இடத்துக்கு எல்லைக்குள்ளிருந்தே 200 மனு வந்தால், எண்பது குடும்பங்கள் எல்லைக்குள் இருந்துகொண்டே வெளியே நிற்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படிக்கும் வீட்டுக்குப் பல பள்ளிகள் தனிச் சலுகை தருவதால், முதல் பிள்ளையோடு வரும் புதுக் குடும்பம்தான் அந்த எண்பதில் முதலில் விழும். ஆக, வீட்டு விலையோடு சேர்த்து நாம் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது வரிசையில் சற்று முன்னால் ஓர் இடம். அந்த வரிசையின் விதியை மாற்றும் அதிகாரம் வேறொருவர் கையில் இருக்கிறது.

மாற்றியும் இருக்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா இருக்கும் கௌடெங் மாகாணத்தில் இந்த எல்லைச் சண்டை 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனது. 2018இல் மாகாண அரசு எல்லையைப் பள்ளியைச் சுற்றி 30 கிலோமீட்டர் என்று விரித்தது. சிறிய வட்டம் போட்டால் பழைய நிறவெறிக் காலத்து வரைபடமே பள்ளி வாசலில் திரும்ப வந்துவிடும் என்பது அரசு சொன்ன காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் அங்குள்ள பழைய இந்தியர் பகுதிகளான லெனேசியாவிலோ லாடியத்திலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், "பள்ளிக்குப் பக்கத்தில்" என்று சொல்லி விலையை ஏற்றும் ஏஜெண்டிடம் இந்த 30 கிலோமீட்டரை நினைவூட்டலாம். அங்கே 2016 முதல் ஒன்றாம், எட்டாம் வகுப்புகளுக்கான மனுக்கள் இணையம் வழிதான். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கிடைக்காமல் எங்கோ தூரத்தில் இடம் ஒதுக்கப்பட்டதாக ஆண்டு தவறாமல் பெற்றோர் புலம்புவதும் உண்டு.

டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நாம் இன்னும் பெரும்பாலும் பள்ளி வாசலில் நின்றுதான் படிவம் வாங்குகிறோம். ஆனால் பேலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்விச் சட்டத் திருத்தத்தில் ஜனாதிபதி ராமபோசா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை சேர்க்கை விதியை வகுப்பதில் பள்ளியின் ஆட்சிக் குழுவுக்கு, அதாவது எஸ்.ஜி.பி.க்கு, பெரும் பிடி இருந்தது. இப்போது அந்த விதிக்கு இறுதி ஒப்புதல் தருவது மாகாணத் துறைத் தலைவர். இன்றைய எல்லைக்கோட்டை நம்பி இருபதாண்டுக் கடன் எடுக்கிறவர் அந்தக் கோடும் இருபதாண்டு அப்படியே இருக்கும் என்று நம்புகிறார் என்றுதான் பொருள். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

வீட்டையும் பள்ளியையும் இப்படி ஒன்றோடொன்று பின்னிப் பார்க்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அன்றைய நட்டால் அரசு பள்ளி கட்டித் தர அவசரப்படவில்லை. கோயில் கமிட்டிகளும் சபைகளும் வணிகர்களும் காசு திரட்டிக் கட்டினார்கள். அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி எழுந்தவைதான். இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக 1927இல் இங்கு வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அவர் முயற்சியில் இந்தியர்களிடம் திரட்டிய பணத்தில் டர்பனில் எழுந்தது, 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி. வீடு இருந்த இடத்தில் பள்ளியைக் கட்டிக்கொண்ட காலம் அது.

1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. யார் எங்கே வாழலாம் என்பதைத் தோல் நிறம் முடிவுசெய்தது. நகராட்சித் தொழிலாளர்களாக இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பு காலியானது; கேட்டோ மேனர் பகுதி காலியானது. டர்பனின் ஓரங்களில் இந்தியர்களுக்கென்று 1960களில் சாட்ஸ்வொர்த்தும் 1970களில் பீனிக்ஸும் எழுந்தன. காசு திரட்டிக் கட்டிய பள்ளிகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. புது இடத்தில் வீடு முதலில் வந்தது, வகுப்பறை பிறகுதான் வந்தது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டமும் மதியம் ஒரு கூட்டமும் படித்த "பிளட்டூன்" வகுப்புகளை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிய வகுப்புக்காரர். "காலையில் வந்தவன் உட்கார்ந்த பெஞ்சு சூடு ஆறும் முன்னே நான் உட்காருவேன், தம்பி" என்பார்.

குழுப் பகுதிகள் சட்டம் 1991இல் நீங்கியது. அடுத்த ஆண்டே வெள்ளையர் பள்ளிகளில் பெரும்பாலானவை "மாடல் சி" என்ற ஏற்பாட்டுக்கு மாறின. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், மற்றச் செலவுகளுக்குப் பெற்றோர் கட்டணம். அந்தச் சொல் அலுவல் வழக்கிலிருந்து போய்ப் பல காலம் ஆகிறது. ஆனாலும் கல்யாண வீட்டில் "பிள்ளை மாடல் சி-யில் படிக்கிறான்" என்று சொல்லும்போது குரல் ஒரு படி ஏறுவதை இன்றும் கேட்கலாம். மைதானம், நீச்சல் குளம், நிறைந்த நூலகம் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தது உண்மை. ரிசர்வாயர் ஹில்ஸும் வெஸ்ட்வில்லும் அடுத்தடுத்த ஊர்கள். இந்தியர்களுக்கென்று கட்டிய பழைய பல்கலைக்கழகம் இருக்கும் மேடு நடுவில். ரிசர்வாயர் ஹில்ஸ் இந்தியர் பகுதி, வெஸ்ட்வில் வெள்ளையர் பகுதி என்று முன்பு சட்டம் பிரித்தது. இப்போது அதே வேலையை வீட்டு விலை ஓரளவு செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவு கறாராக இல்லாவிட்டாலும்.

இனிப் பணம். எண்களை மட்டும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பழைய இந்தியர் பகுதியில் ஒரு வீடு 11 லட்சம் ராண்ட். பேர்பெற்ற பள்ளியின் எல்லைக்குள் அதே அளவு வீடு 15 லட்சம். வித்தியாசம் 4 லட்சம். பாண்ட் எனும் வீட்டுக் கடன் இருபதாண்டுக்கு, வட்டி 10.5 சதவீதம் என்றால், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 998 ராண்ட். 4 லட்சத்துக்கு மாதம் 3,990 சொச்சம். ஆண்டுக்கு 48,000க்குச் சற்றுக் குறைவு. இருபது ஆண்டில் 9.58 லட்சம். 2025 ஏப்ரல் முதல் 12.1 லட்சம் ராண்ட் வரையிலான வீட்டுக்குச் சொத்து மாற்று வரி கிடையாது. அதற்கு மேலே 3 சதவீதத்தில் தொடங்குகிறது. 11 லட்ச வீட்டுக்கு வரி இல்லை. 15 லட்ச வீட்டுக்கு 8,700 ராண்ட். வக்கீல் கட்டணம் விலையோடு சேர்ந்து ஏறும். ரேட்ஸ் எனும் நகராட்சிச் சொத்து வரியும் வீட்டு மதிப்பை வைத்துத்தான். காவலாளி நிற்கும் வளாகமாக இருந்தால் மாதாமாதம் லெவி எனும் பராமரிப்புக் கட்டணம் வேறு.

4 லட்சம் முழுவதும் செலவு என்று சொல்வதும் சரியாகாது. விற்கும்போது அது திரும்பி வரலாம், கூடியும் வரலாம். வட்டி மட்டும் திரும்பாது. அதோடு, ஒரு பள்ளியின் பேரால் ஏறிய விலை அந்தப் பேரை நம்பித்தான் நிற்கிறது. ஒரு நல்ல தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற பின் இரண்டே ஆண்டில் ஒரு பள்ளி தளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஏஜெண்ட் அதற்குப் பிறகும் வெகு காலம் பழைய வரியையே அச்சடித்துக்கொண்டிருந்தார்.

பலர் மறந்துவிடும் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே தொடக்கப் பள்ளி, முதலாம் வகுப்புக்கு முந்தைய கிரேட் ஆர் முதல் ஏழாம் வகுப்புவரை. எட்டு முதல் பன்னிரண்டுவரை பெரும்பாலும் வேறு பள்ளி, வேறு எல்லை, வேறு மனு. ஆறு வயதுப் பிள்ளைக்காக வாங்கிய வீடு பதின்மூன்று வயதில் உதவாமல் போகலாம். இரண்டையும் ஒரே முகவரி சமாளிக்காது என்றால், உயர்நிலைப் பள்ளியைவிடத் தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதே மேல் என்பது என் எண்ணம். பதின்மூன்று வயதுப் பிள்ளை வேனில் போகும், பஸ்ஸில் போகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்கக் கிடைப்பது பெரிய விஷயம். தவிர, இந்த நாட்டின் உண்மையான நோய் அடி வகுப்புகளில்தான் இருக்கிறது. 2021இல் நடந்த பேர்ல்ஸ் எனும் பன்னாட்டு வாசிப்புச் சோதனையில், இங்குள்ள நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் படித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியை எப்படி வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்பதைத் திறந்த நாளில் போய்ப் பார்த்து வருவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கின் தேர்ச்சிப் பட்டியல்கள் பலவற்றைப் புரட்டுவதைவிடப் பயன் தரும்.

மெட்ரிக் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2024இல் நாடு முழுவதும் தேர்ச்சி 87.3 சதவீதம், ஆனால் பல்கலைக்கழகப் பட்டப் படிப்புக்குத் தகுதி தரும் தேர்ச்சி 47.8 சதவீதம்தான். ஒரு பள்ளி "98 சதவீதம்" என்று பேனர் கட்டினால் அதில் எத்தனை பேருக்குப் பட்டப் படிப்புத் தகுதி என்று கேளுங்கள். கணிதம் எழுதியவர் எத்தனை பேர், கணித எழுத்தறிவு எனும் எளிய பாடத்துக்குத் தள்ளப்பட்டவர் எத்தனை பேர்? பத்தாம் வகுப்பில் இருந்த எத்தனை பிள்ளைகள் பன்னிரண்டில் தேர்வு எழுதினார்கள்? தேறாதவரை எழுதவிடாமல் செய்தே சதவீதத்தை உயர்த்தும் வித்தை எல்லா ஊரிலும் உண்டு. பள்ளிவாரியாக எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற அறிக்கையைக் கல்வித் துறையே ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

கட்டணத்துக்கு வருவோம். அரசு, பள்ளிகளை ஐந்து தரமாகப் பிரிக்கிறது, "குவின்டைல்" என்பார்கள். ஏழைப் பகுதிகளுக்கான முதல் மூன்றில் கட்டணம் இல்லை. நான்கும் ஐந்தும் கட்டணம் வாங்கலாம். பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, படிப்பு ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்து இந்தத் தரம் வகுக்கப்படுகிறது. பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் ஏழ்மை அதில் நேரடியாகத் தெரியாது. சாட்ஸ்வொர்த் பள்ளிகளில் பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து வரும் பிள்ளைகள் ஏராளம். சுற்றிலும் ஓட்டு வீடும் காரும் இருப்பதால் பள்ளி உயர்ந்த தரத்தில் விழும். பிள்ளைகளின் வீட்டில் கட்டணம் கட்டப் பணம் இருக்காது. ஐந்தாம் தரப் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கென அரசு தரும் செலவுப் பணம், கட்டணமில்லாப் பள்ளிக்குத் தருவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பள்ளிகள் நம் பழைய பகுதிகளில் பல உண்டு. அவற்றில் சில இன்றும் அபாரமாக நடக்கின்றன. அங்கே போய்ப் பார்க்க வேண்டியது பெற்றோர் பணத்தில் நியமிக்கப்பட்ட எஸ்.ஜி.பி. ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை. அந்த எண்தான் வகுப்பில் முப்பது பிள்ளைகளா ஐம்பதா என்பதை முடிவுசெய்யும்.

கட்டணம் எவ்வளவு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் வாக்கெடுத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆட்சிக் குழுவிலும் பெற்றோருக்கே பெரும்பான்மை. கட்டணம் கட்ட முடியாது என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது. ஆண்டுக் கட்டணம் பெற்றோர் இருவரின் மொத்த வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் முழு விலக்கு. அதற்குக் கீழே படிப்படியாகக் குறையும் விலக்கு. இந்தக் கணக்கில் வருவது வருமானம் மட்டுமே. மாதம் பாதிச் சம்பளத்தைப் பாண்ட் விழுங்கினாலும் அது கணக்கில் வராது. பள்ளிக்காக வீட்டில் எல்லாப் பணத்தையும் கொட்டியவர் கட்டண விலக்குக்கும் தகுதியில்லாமல் திண்டாடுவது இப்படித்தான்.

மொழி விஷயம் நம் வீடுகளில் தனிக் கதை. இந்த நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2014இல் தமிழ் மீண்டும் விருப்பப் பாடமாகப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. காகிதத்தில் இருப்பது வகுப்பறைக்கு வர ஆசிரியர் வேண்டும், கேட்கும் பெற்றோர் வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைந்த பள்ளிகள் குறைவு. ஆகவே தமிழ் எழுத்து இன்றும் கோயில் மண்டபத்திலும் சபைக் கட்டடத்திலும் வார இறுதி வகுப்புகளிலும்தான் கற்பிக்கப்படுகிறது. வீட்டை மாற்றும்போது அந்த வகுப்புக்கும் தூரம் கூடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்கு நடந்து போன குடும்பம், மாறிப்போன பின் காவடிக்கும் தீமிதிக்கும் மட்டும் காரில் வந்து போகும். பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி பக்கத்தில் இருக்க மாட்டார். மாலைநேரப் பராமரிப்புக்குத் தனிக் கட்டணம். இந்த வரியை ஒருவரும் தங்கள் கணக்குத் தாளில் எழுதிப் பார்த்ததில்லை.

இரண்டாம் மொழி ஜூலுவா ஆஃப்ரிகான்ஸா என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்த மாகாணத்தில் இருக்கப்போகும் பிள்ளைக்கு ஜூலுதான் வேண்டும் என்பேன். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்கு வந்து, நாலாம் வகுப்புப் பிள்ளையை நேராக ஆஃப்ரிகான்ஸ் வகுப்பில் உட்காரவைத்துத் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ முதன்முறை இங்கே சேரும் வெளிநாட்டுப் பிள்ளைக்குத்தான் இரண்டாம் மொழியில் சலுகை உண்டு.

கடைசியாகக் காலக் கணக்கு. சேர்க்கை மனு முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். முகவரிக்குச் சான்றாகப் பள்ளிகள் கேட்பது "லைட்ஸ் அண்ட் வாட்டர்" பில். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து பாண்ட் கிடைத்து, வக்கீல் வேலை முடிந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பெயர் மாறுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அதன் பிறகுதான் பில் உங்கள் பெயரில் வரும். ஜனவரியில் சேர்க்க வேண்டிய பிள்ளைக்கு ஆகஸ்டில் வீடு தேடத் தொடங்கினால் வீடு கிடைக்கும், வரிசை தவறிவிடும். அவசரமானால் முதலில் அந்தப் பகுதியில் வாடகைக்குப் போவது மேல். பள்ளி பிடிக்கவில்லை என்றால் வாடகை வீட்டைக் காலிசெய்யலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சாதாரண வேலைநாளில் பிற்பகல் ஒன்றரை மணிக்கு அந்தப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள், எத்தனை பேர் வேன்களில் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேன்கள் வரிசையாக நின்று சாட்ஸ்வொர்த் பக்கமும் பீனிக்ஸ் பக்கமும் திரும்புகின்றன என்றால், எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நான் அப்படி நின்று பார்த்தது வீடு வாங்கி ஓராண்டு கழிந்த பிறகு. அதற்குள் மகள் மேட்டின் மறுபக்கம், பழைய இந்தியர் பகுதியில் இருந்த ஒரு பள்ளியில் சேர்ந்திருந்தாள். ஏழாண்டுகள் காலை ஆறரைக்கு வேன் வந்து எங்கள் வாசலில் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுப் பையன் எல்லைக்கு உள்ளேதான் இருந்தான். அவனும் அதே வேனில்தான் ஏறினான்.